வேட்கையும் விழிப்பும்

'ஆசையே துன்பத்திற்குக் காரணம்; ஆகவே ஆசையை ஒழித்துவிடு.' புத்தர் பெருமானின் போதனை முழுவதும் இவ்வொரு வரியில் அடங்கிவிட்டதாகவே நம்மில் பலர் எண்ணுகிறோம். மறையுரைகளிலும் இதனை அவ்வப்போது எடுத்தாள்கிறோம். ஆனால் ஆசைகள் யாவுமே ஒழிக்கப்பட வேண்டியவைதாமா? பிள்ளையைப் படிக்கவைக்கத் துடிக்கும் தாயின் ஆசையும், சொந்தமாய் ஒரு துண்டு நிலத்துக்கு ஏங்கும் கூலித் தொழிலாளியின் ஆசையும், இறைவனைக் காண விழையும் அடியாரின் ஆசையும் துன்பத்தின் வேர்கள்தாமா?

சாரநாத்தில் ஐந்து துறவியர்க்கு அவர் வழங்கியதாகப் பௌத்த மரபு போற்றும் முதல் அறவுரையில், துன்பத்தின் தோற்றுவாயாகச் சுட்டப்படும் பாலிச் சொல் 'தண்ஹா' என்பதாகும். தாகம் என்பதே அதன் நேர்ப்பொருள். நம் மணிமேகலைக் காப்பியம் அதனை 'வேட்கை' என வழங்கி, நுகர்விலிருந்து வேட்கையும் வேட்கையிலிருந்து பற்றும் பிறப்பதை விளக்குகின்றது. புலனின்ப வேட்கை, என்றும் நிலைத்திருக்கும் வேட்கை, இல்லாமற் போகும் வேட்கை என அது மூவகைப்படும். இவற்றுள் மூன்றாவது நம் சிந்தனைக்குரியது. வாழ்வை வெறுத்து அழிந்துபோக விரும்புவதும் வேட்கையே என்றால், பௌத்தத்தை வெறும் உலக வெறுப்பு என்று கூறுதல் எவ்வாறு பொருந்தும்? உடல் எலும்பாகுமளவு நோன்பிருந்து, அதனால் பயனில்லை எனக் கண்டு, நடுவழியைத் தேர்ந்தவரல்லரோ அவர்!

மேலும், 'சந்தம்' என்றொரு சொல்லும் பௌத்த நூல்களில் உண்டு. விருப்பம், நாட்டம் என்பன அதன் பொருள். நன்மையை நாடும்போது அது விடுதலைக்குத் துணையாகும். கோசாம்பி நகரில் உண்ணாபர் என்னும் அந்தணர், புத்தரின் சீடர் ஆனந்தரிடம் வினவியதாகச் சம்யுத்த நிகாயம் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றது. விருப்பத்தை விருப்பத்தாலேயே அகற்றுவது எங்ஙனம்? அது முடிவற்ற வேலையன்றோ? ஆனந்தர் எதிர்க்கேள்வி கேட்டார்: இச்சோலைக்கு வரவேண்டும் என்ற விருப்பம் உமக்கு இருந்ததல்லவா? வந்து சேர்ந்தபின் அது தணிந்துவிட்டதல்லவா? அந்தணர் ஆம் என்றார். விடுதலையை விரும்பி நடப்பவனின் நிலையும் அதுவே என விளக்கினார் ஆனந்தர். ஆம், அடைந்ததும் அமைதியுறும் விருப்பம் ஒன்று. அடைய அடைய வளரும் வேட்கை மற்றொன்று.

தம்மபத உரை கூறும் இன்னொரு நிகழ்ச்சியும் நம் உள்ளத்தைத் தொடுகின்றது. ஆளவி என்னும் ஊரில், காணாமற்போன மாட்டைத் தேடி அலைந்து, பசியோடு அறவுரை கேட்க வந்தான் ஓர் ஏழை உழவன். முதலில் அவனுக்கு உணவளிக்கச் செய்து, அதன் பின்னரே புத்தர் போதிக்கத் தொடங்கினாராம். வயிறார உண்டவர்கள் பசித்தவரைப் பார்த்து 'ஆசையைத் துறந்துவிடு' என உபதேசிப்பது அறமாகுமா? இல்லாதவரின் நியாயமான தேவையை ஆசையென்று பழிப்பது, இருப்பவரின் பேராசைக்கே அரணாகும். இதனை மறையுரையாற்றும் நாமும் மறத்தலாகாது.

பின்னாளில் எழுந்த மகாயான மரபின் விமலகீர்த்தி சூத்திரத்தில் மெய்ஞ்ஞானியாகத் திகழ்பவர் இல்லறத்தார் ஒருவர். வறண்ட மேட்டில் தாமரை மலராது, சேற்றிலேதான் மலரும் என்னும் உவமை அந்நூலில் வருகின்றது. குடும்பம், கடன், உழைப்பு, உறவு எனும் சேற்றில் நிற்கும் பொதுநிலையினர்க்கு இது ஆறுதல் தரும் சிந்தனையன்றோ?

1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட, பிற சமயங்களுடன் திருச்சபையின் உறவு பற்றிய அறிக்கை, பௌத்தத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அச்சமயங்களில் உண்மையும் தூய்மையுமானவை எதையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என அறிவித்தது. புனித அகுஸ்தீனாரும் தன்னலப் பேராசையையும் இறையன்பையும் வேறுபடுத்திக் காட்டினார். மனித உணர்ச்சிகள் தம்மிலே தீயவையல்ல என்பது புனித தோமா அக்குவினாரின் தெளிவு.

எனினும், இரு நெறிகளும் ஒன்றே எனக் கூறுதல் இரண்டிற்குமே நீதியாகாது. பௌத்தம் தாகம் தணிந்து அவிந்த நிலையை நாடுகின்றது. நாமோ தாகத்தைத் தணிக்க வரும் ஒருவரை நாடுகின்றோம். யாக்கோபின் கிணற்றருகே சமாரியப் பெண்ணிடம், தாகம் கொள்ளாதே என இயேசு கூறவில்லை. தாமே அவளிடம் தண்ணீர் கேட்டு, பின் வாழ்வளிக்கும் தண்ணீரை நோக்கி அவளது தாகத்தைத் திருப்பினார். சிலுவையிலும் அவர் தாகமுற்றார். நம் தாகத்தைப் பகிர்ந்துகொண்ட இறைவன் ஒருவர் நமக்கு உண்டு என்பதே நமது நம்பிக்கை.

ஆகவே, நம் ஆசைகளைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அவற்றைச் சோதித்தறிதலே வேண்டும். மகனின் படிப்புக்காக உழைக்கும் தாய், படிப்பு முடிந்ததும் அவனை அவனது வாழ்வுக்கு விட்டுக்கொடுத்தால், அவளது ஆசை சோலையை அடைந்துவிட்டது. அவனது வருமானம், திருமணம், வீடு என ஒவ்வொன்றையும் தன் பிடியில் வைக்க முனைந்தால் அது வேட்கையாகி, அவளையும் மகனையும் ஒருசேர வாட்டும். விழிப்பு என்பது இவ்விரண்டையும் பிரித்தறியும் கண்ணேயாகும். இரவில் மனச்சான்றை ஆய்ந்து பார்க்கையில், இன்று எதனை விரும்பினோம் என்பதோடு, அது கிட்டியபோது நெஞ்சம் நன்றியால் நிறைந்ததா, அன்றி இன்னும் வேண்டும் என அலைந்ததா என்றும் கேட்போம்.