எஸ்டேட் கேட் திறந்திருந்தால் போதுமா?

நீலகிரியில் மண்பாதைக்குப் பஞ்சமில்லை. குன்னூரிலோ கோத்தகிரியிலோ வீட்டு வாசலில் எக்ஸ்பல்ஸ் பைக்கைக் கிளப்பினால் சற்று நேரத்தில் தேயிலைக்குள் புகுந்துவிடலாம். சட்டப்படி ஓட்டக்கூடிய மண்பாதை எது என்று தேடும்போதுதான் சிக்கல். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே 1882-ஆம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றம். முதுமலை, முக்குருத்திப் பக்கம் போனால் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். போட்டிக்கென்றே செய்த, பதிவெண் இல்லாத டர்ட் பைக் என்றால் தார்ச்சாலையில்கூட ஓட்ட முடியாது. பிக்கப்பில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

மிஞ்சுவது தனியார் தோட்டம். மேனேஜர் தெரிந்தவர், வாட்சர் கேட்டைத் திறந்துவிடுகிறார். இனிச் சட்டம் குறுக்கே வராது என்றே வைத்துக்கொள்வோம்.

தோட்டத்து நடைதடம் பல இடங்களில் ஓரடி, ஒன்றரையடி அகலந்தான். இருபுறமும் இடுப்பளவுச் செடி, இடைவெளியே தெரியாமல் பின்னிக் கிடக்கும். கொளுந்து மூட்டையைச் சுமந்து எடைபோட இறங்கும் பெண், வளைவுக்கு அப்பால் சைலன்சர் சத்தம் கேட்டால் எங்கே ஒதுங்குவார்? மேனேஜர் கொடுத்த அனுமதியில் அவருடைய சம்மதம் இல்லை. யாரும் அவரைக் கேட்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாதே என்பார்கள். அன்றைக்குத்தான் தொழிலாளர் லைன் வீட்டுப் பிள்ளைகள் வெளியே திரிவார்கள். தேயிலைக்குள் படுத்திருக்கும் காட்டுமாட்டை பைக் மிரட்டிவிட்டுப் போய்விடும். அதன் எதிரே அகப்படுவது பின்னால் நடந்து வருகிறவர்.

மண்ணுக்கும் வாய் கிடையாது. முரட்டு டயர் செங்குத்துச் சரிவில் ஒரே கோட்டில் திரும்பத் திரும்ப ஏறினால் பள்ளம் விழும். மழை அதை வாய்க்காலாக்கிக்கொள்ளும். 2009 நவம்பரில் மண்சரிவு 40-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன மலை இது. 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அந்தப் பழியை பைக் மேல் போட முடியாது. ஆனால் அப்படிப்பட்ட மழைக்குப் புதிதாக ஒரு வழி வெட்டிக் கொடுப்பது விளையாட்டாகாது.

உள்ளூர் இளைஞர்களின் ஆதங்கத்தைத் தட்டிக்கழிக்கவும் கூடாது. ஊட்டியை ஒட்டிய வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் வெள்ளைக்காரத் துரைமார் குதிரையேறி, நாய்களை விட்டு நரியைத் துரத்தினார்கள். கோல்ஃப் மைதானமும் அங்கே வந்தது; சினிமா டூயட்டுக்கும் இடமிருந்தது. சுற்றுலாப் பயணிகளின் சீசன் நெரிசல் தாங்காமல் உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2024 மே மாதம் இ-பாஸ் வந்தது. இத்தனை பேருக்கும் இடம் கொடுத்த மலை, இங்கேயே பிறந்தவனை மட்டும் விரட்டுவதா? நியாயமான கேள்விதான். அதற்கு விடையாக எஞ்சியிருக்கும் புல்வெளியைக் கேட்பதுதான் நியாயமில்லை. துரைமாரும் பிறகு வந்த தைல மரமும் தின்றது போக மிச்சமுள்ள மேய்ச்சலில்தான் இம்மலையின் பழங்குடிகளான தோடரின் எருமைகள் நிற்கின்றன.

ஏற்கெனவே சமன் செய்து கெட்டுப்போன நிலம், ஓடைக்கும் லைன் வீடுகளுக்கும் தள்ளி, மழைக்காலத்தில் பூட்டிவைக்கும் ஒரு சிறு திடல்: இதைத்தான் இளைஞர்கள் தோட்ட நிர்வாகங்களிடமும் மாவட்ட நிர்வாகத்திடமும் கேட்க வேண்டும். தொழிலாளர் சங்கத்தையும் அந்தப் பேச்சில் உட்காரவைக்க வேண்டும். அது கைகூடும்வரை பிக்கப்பில் ஏற்றி, ஊட்டியிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் மேட்டுப்பாளையம் இறங்கி, சமவெளியில் அனுமதி தரும் நிலம் பார்க்க வேண்டியதுதான். வாடகை கையைக் கடிக்கும். மாதம் ஒருமுறை போனால் போதும்.