நூறு முறை பார்த்த சிறுவன்

ஆங்கில நடிகர் அலெக் கின்னஸ் தம் முதுமையில், 1999ஆம் ஆண்டு, வெளியிட்ட நாட்குறிப்பு நூலில் ஒரு சிறு நிகழ்ச்சியைப் பதிவு செய்திருக்கிறார். சான்பிரான்சிஸ்கோ நகரில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் அவரைச் சந்தித்தான். அவர் நடித்த 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படத்தை நூறு முறைக்கு மேல் பார்த்துவிட்டதாகப் பெருமை பொங்கச் சொன்னான். கின்னஸ் அவனிடம் ஒரு வாக்குறுதி கேட்டார். இனி அந்தப் படத்தைப் பார்ப்பதில்லை என்று எனக்குச் சொல்வாயா? சிறுவன் தேம்பி அழுதான். ஒரு குழந்தையிடம் பேசும் பேச்சா இது என்று தாய் சினந்து, மகனை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

கின்னஸ் நம்மவர். 1956இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்து, 2000ஆம் ஆண்டில் இறக்கும்வரை அதில் நிலைத்திருந்தவர். இலங்கையில் படமாக்கப்பட்டு 1957இல் வெளிவந்த 'குவாய் நதியின்மீது பாலம்' அவருக்கு ஆஸ்கர் பரிசைப் பெற்றுத் தந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, செஸ்டர்டன் படைத்த பிரௌன் அடிகளாராக நடிக்கப் பிரான்சு நாட்டுச் சிற்றூர் ஒன்றுக்குப் போயிருந்தார். ஒரு மாலை குருவின் அங்கியைக் களையாமலே தெருவில் நடந்தபோது, முன்பின் அறியாத சிறுவன் ஒருவன் ஓடிவந்து அவர் கையைப் பற்றிக்கொண்டு, ஏதேதோ பேசியபடி கூடவே நடந்து, வணங்கி விடைபெற்று ஓடினானாம். ஓர் அங்கியைக் கண்ட அளவில் ஒரு குழந்தைக்கு இவ்வளவு நம்பிக்கையைத் தரக்கூடிய திருச்சபை, தாம் அதுவரை எண்ணியிருந்ததுபோல் இருக்க முடியாது என்று அவர் பின்னாளில் எழுதினார். கையைப் பற்றிய சிறுவன் ஒருவன். கண்ணீர் விட்ட சிறுவன் ஒருவன். முதல்வனின் நம்பிக்கையை மறவாதவர் என்பதால்தான் இரண்டாமவனிடம் அவர் அவ்வளவு கடுமையாக நடந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. தன் சுமையைத் தாங்காத ஒன்றின்மேல் ஒரு குழந்தை சாய்ந்திருப்பதாக அவர் அஞ்சினார்.

பின்னர் நடந்தது விந்தை. கின்னஸ் கேட்ட வாக்குறுதியை அச்சிறுவனின் தலைமுறையினரில் பலர் யாரும் கேளாமலே நிறைவேற்றத் தொடங்கினார்கள்.

கதையை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். ஜார்ஜ் லூக்காஸ் எழுதி இயக்கிய முதற்படம் 1977 மே மாதத்தில் வெளிவந்தது. பாலைநிலக் கோள் ஒன்றில் வளரும் லூக் என்னும் இளைஞன், கின்னஸ் நடித்த கெனோபி என்னும் முதியவரிடம் வீரக்கலை பயின்று, கொடுங்கோல் பேரரசை எதிர்க்கிறான். 1980இல் வந்த இரண்டாம் படத்தில், கரிய முகமூடி அணிந்த கொடியவன் வேடரே தன் தந்தை என்று அறிகிறான். 1983இல் வந்த மூன்றாம் படத்தில், தந்தையைக் கொல்ல மறுத்து ஆயுதத்தை எறிகிறான். பேரரசன் அவனைச் சித்திரவதை செய்யும்போது, அதைக் காணப் பொறாத வேடர் தம் தலைவனைத் தூக்கிப் படுகுழியில் எறிந்து மகனைக் காக்கிறார். சாகுமுன் முகமூடியைக் கழற்றச் சொல்லி, மகனைத் தம் சொந்தக் கண்களால் பார்க்கிறார். வானூர்தி வேடிக்கைகளை நீக்கிவிட்டால், ஊதாரி மைந்தன் உவமையைத் திருப்பிப் போட்ட கதை இது. இங்கே ஊதாரி தந்தை, காத்திருப்பவன் மகன்.

கதை அத்துடன் நிற்கவில்லை. 1999 முதல் 2005 வரை முற்கதையாக மூன்று படங்கள் வந்தன. 2012இல் டிஸ்னி நிறுவனம் ஏறத்தாழ 405 கோடி டாலர் கொடுத்து முழு உரிமையையும் வாங்கியது. 2015இல் வந்த படம் உலகெங்கும் 200 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. மூன்றே ஆண்டுகள் கழித்து வந்த 'சோலோ' 40 கோடியைக்கூட எட்டவில்லை. 2019இல் பெருங்கதையின் ஒன்பதாம் பாகம் 107 கோடியளவில் நின்றது. அதன்பின் பல ஆண்டுகள் திரையரங்குக்குப் புதிய படம் எதுவும் வரவில்லை. இந்தக் கதையுலகிலேயே இரண்டு இரவு வாழலாம் என்று புளோரிடாவில் 2022 மார்ச்சில் திறந்த விடுதியில் இருவர் தங்க ஏறத்தாழ 5000 டாலர் செலவாயிற்று. 2023 செப்டம்பரில் அது மூடப்பட்டது.

காரணம் கேட்டால் எளிய விடை ஒன்று உண்டு. மிக விரைவாக, மிக அதிகமாகத் தந்துவிட்டோம் என்று டிஸ்னியின் தலைவரே 2018இல் ஒப்புக்கொண்டார். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்று நம் பாட்டிமார் கூலி வாங்காமல் சொன்னதும் இதுவே. ஆனால் கின்னஸ் சந்தித்த சிறுவன் இந்த விளக்கத்துக்குள் அடங்க மறுக்கிறான். ஒரே படத்தை நூறு முறை பார்த்தும் அவனுக்குப் பால் புளிக்கவில்லை. புதியவை வந்தபிறகே அவன் தலைமுறைக்குப் புளித்தது. அப்படியானால் திரும்ப வருதலில் குறை இல்லை. குறை வேறெங்கோ இருக்கிறது.

1997இல் லூக்காஸ் தம் பழைய படங்களைத் திருத்தி வெளியிட்டார். அவற்றுள் ஒரு திருத்தம் இன்றுவரை வழக்காடப்படுகிறது. முதற்படத்தில் ஹான் சோலோ என்னும் கடத்தல்காரனை ஒரு கூலிவேட்டைக்காரன் மதுக்கடையில் துப்பாக்கி முனையில் மடக்குகிறான். ஹான் மேசைக்கு அடியிலிருந்து அவனைச் சுட்டுக் கொல்கிறான். திருத்திய படத்தில் வேட்டைக்காரன் முதலில் சுட்டுக் குறி தவறுகிறான்; ஹான் பிறகே சுடுகிறான். அவன் ஈவிரக்கமற்ற கொலைகாரனாகத் தோன்றலாகாது என்பது லூக்காஸ் பின்னர் தந்த விளக்கம். ஒரு நொடிக் காட்சிக்காக நாற்பது வயது மனிதர்கள் சண்டையிடுவது சிரிப்பாக இருக்கலாம். நான் முதலில் சிரித்தவன்தான். எண்ணிப் பார்த்தால் அவர்கள் காத்து நிற்பது சிறிய பொருளன்று. பணத்துக்காக எதையும் செய்பவன், பரிசைப் பெற்றுக்கொண்டு போனவன், இறுதியில் நண்பனைக் காக்கத் திரும்பி வருகிறான் என்பதே ஹானின் கதை. அவன் கறையைத் துடைத்தால் அவன் மனமாற்றமும் சேர்ந்து அழிகிறது.

பேதுரு ஆண்டவரை மறுதலித்தது நான்கு நற்செய்திகளிலும் இருக்கிறது. திருச்சபையின் தலைவரானவர் வேலைக்காரப் பெண்ணின் முன் நடுங்கியதை நீக்கிவிட யாருக்கேனும் ஆசை எழுந்திருக்கலாம். நீக்கவில்லை. ஆண்டுதோறும் பாடுகளின் வாசகத்தில் அந்தச் சேவல் கூவுகிறது. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் நாம் மன்னிப்புப் பெறுகிறோம். செய்ததைச் செய்யவில்லை என்று யாரும் நமக்கு எழுதித் தருவதில்லை.

1997இல் தொடக்கத்தைத் திருத்தினார்கள் என்றால் 2019இல் முடிவையே திருத்தினார்கள். வேடர் தம் உயிரைக் கொடுத்து அழித்த பேரரசன் ஒன்பதாம் பாகத்தில் மீண்டும் வந்து நிற்கிறான். எப்படி வந்தான்? எப்படியோ வந்துவிட்டான் என்கிறான் ஒரு பாத்திரம். அதற்குமேல் தெளிவான விளக்கம் இல்லை. அந்த மறுமொழி இரசிகர்களிடையே ஏளனச் சொல்லாயிற்று. அப்படியானால் அந்தத் தந்தை எதற்காக இறந்தார், நாங்கள் எதற்காக அழுதோம் என்று அவர்கள் கேட்டார்கள்.

இக்கேள்வியில் ஒரு பாதியை நான் ஏற்கவில்லை. தீமை திரும்பி வருவதில் பொய் ஒன்றும் இல்லை. துரத்தப்பட்ட தீய ஆவி தன்னிலும் பொல்லாத ஏழு ஆவிகளுடன் பழைய வீட்டுக்குத் திரும்புவதை ஆண்டவரே சொல்லியிருக்கிறார். நல்ல கள்வன் மனந்திரும்பிய பின்னும் உரோமையர் சிலுவையில் அறைவதை நிறுத்தவில்லை. அதனால் அவன் மனமாற்றம் வீணாயிற்று என்று யார் சொல்வார்? வேடர் தம் மகனின் முகத்தைப் பார்த்த அந்த நொடியை எந்த ஒன்பதாம் பாகமும் அழிக்க முடியாது. மறுபாதியில் அவர்கள் கேட்பது நியாயம். இங்கே தீமை திரும்பியது மனித உள்ளத்தின் பலவீனத்தால் அன்று. இன்னொரு நுழைவுச்சீட்டு விற்க வேண்டியிருந்ததால். தேவைப்பட்டால் யாரையும் எழுப்பிவிடலாம் என்று அறிந்தபின், அடுத்து இறப்பவனுக்காக யாருக்கும் கண்ணீர் வராது. உயிர்ப்பைப் பற்றிப் பேசும் நாம் இதைக் கவனிக்க வேண்டும். உயிர்த்த ஆண்டவரின் உடலில் காயங்கள் இருந்தன. தோமா அவற்றைத் தொடும்படி அழைக்கப்பட்டார். பெரிய வெள்ளி நடக்கவே இல்லை என்பதுபோல் ஞாயிறு விடியவில்லை.

இனி இரசிகர்களைப் பற்றி. சிலர் சினந்தார்கள், பலர் ஓசையின்றி விலகினார்கள். சினந்தவர்களின் கதை அருவருப்பானது. 1999ஆம் ஆண்டுப் படத்தில் கோமாளிப் பாத்திரம் ஏற்ற அகமது பெஸ்ட் என்னும் கலைஞர், தம்மீது பொழியப்பட்ட வெறுப்பால் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்வரை போனதை 2018இல் வெளியிட்டார். அதே ஆண்டில் கெல்லி மேரி டிரான் என்னும் வியட்நாமிய வம்சாவளி நடிகை, இனவசை தாங்காமல் தம் சமூக ஊடகப் பக்கத்தைத் துடைத்து வெறுமையாக்கினார். ஒரு கதையை நேசிப்பதாகச் சொல்லிக்கொண்டு உயிருள்ள மனிதரைக் கிழிப்பவர், அந்தக் கதையில் மகன் ஆயுதத்தை எறிந்த இடத்தில் உறங்கிப்போயிருக்க வேண்டும். (பெஸ்ட் 2023இல் அதே கதையுலகின் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் வீரராகத் தோன்றி ஒரு குழந்தையைக் காப்பாற்றினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பலர் மகிழ்ந்து வரவேற்றார்கள்.)

ஓசையின்றி விலகியவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு திரைப்பட நிறுவனத்துக்கு நாம் திருமண வாக்குக் கொடுக்கவில்லை. குழந்தைப் பருவத்துக்கு உரியதை விட்டுவிட்டதாகப் புனித பவுலும் கொரிந்தியருக்கு எழுதுகிறார். ஆனால் அவர்கள் சொல்லும் சொற்கள் என்னை உறுத்துகின்றன. ஒரு காலத்தில் உயிராக இருந்தது, இப்போது ஒன்றும் தோன்றவில்லை, எப்போது நின்றது என்றுகூடத் தெரியவில்லை. இதே சொற்களை நம் பங்குகளில் கேட்டதில்லையா? பீடச் சிறுவராக இருந்து, திருப்பலியின் மறுமொழிகளை உறக்கத்திலும் சொல்லக்கூடியவர்கள், நாற்பது வயதில் இதே குரலில் பேசுகிறார்கள். எபேசு நகரத் திருச்சபை முதலில் கொண்டிருந்த அன்பைக் கைவிட்டதாகத் திருவெளிப்பாட்டு நூலில் குறை கூறப்படுகிறது. உழைப்பில் அவர்கள் குறைவைக்கவில்லை. அன்பு மட்டும் எங்கோ வழியில் நின்றுவிட்டது.

அன்பு தளர்வது பாவமா? நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத் துறவி எவாக்ரியுஸ் இந்த நோயை 'நண்பகல் பேய்' என்றார். துறவிக்குக் கதிரவன் நகராதது போலிருக்கிறது. அடிக்கடி பலகணி வழியே எட்டிப் பார்க்கிறார். இருக்கும் இடமும் செய்யும் வேலையும் வெறுக்கின்றன. மருந்தாக அவர் சொன்னது புதுமை அன்று. அறையை விட்டு வெளியேறாதே என்பதே. ஆர்வம் ஓயும்போது புதிய பாகம் ஒன்றைத் தயாரிப்பது வணிகரின் வழி; பழைய பக்கத்தையே மீண்டும் திறப்பது அந்தத் துறவியின் வழி. நம் திருவழிபாட்டு ஆண்டும் அப்படியே. திருவருகைக் காலம் வரும்போது கதை மேலே நீள்வதில்லை, முதலிலிருந்து தொடங்குகிறது. நம் ஊர்ப் பாஸ்கா நாடகத்தில் இந்த ஆண்டு யூதாசு என்ன செய்யப் போகிறான் என்று பார்க்க யாரும் பாயை எடுத்துக்கொண்டு போவதில்லை. போன ஆண்டு பார்த்தபோது உயிரோடிருந்த தாய் இந்த ஆண்டு பக்கத்தில் இல்லை. சிலுவையடியில் நிற்கும் மரியாவை அவள் மகன் வேறு கண்களோடு பார்க்கிறான். கதை மாறாமல் நிற்பதால், மாறியிருப்பது தானே என்று அவனுக்குத் தெரிகிறது. இதனால் நமக்குச் சலிப்பு வராது என்று சொல்லமாட்டேன். பெரிய வெள்ளி வழிபாட்டின் நடுவே கைக்கடிகாரத்தைப் பார்த்தவன் நான்.

ஆகவே கின்னஸ் அந்தச் சிறுவனிடம் கேட்டது சரியா என்ற கேள்விக்கு என் விடை இப்போது மாறியிருக்கிறது. அவன் நூறு முறை திரும்பி வந்தான் என்பதை அவர் நோயாகக் கண்டார். திரும்பி வரும் அந்தப் பழக்கம், பிழையான வாசலில் நின்றிருந்தாலும், நல்ல பழக்கமே. கின்னஸ் தாமும் ஒரே திருப்பலிக்கு நூறு முறைக்கு மேல் போனவரல்லவா?

2025 ஜூன் மாதத்தில் இலண்டன் மாநகரில், பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் தன் காப்பகத்தில் பாதுகாத்து வந்த 1977ஆம் ஆண்டின் பழைய படச்சுருளை, திருத்தங்கள் எதுவும் இல்லாமல், ஒரு விழாவின் தொடக்க இரவில் திரையிட்டது. புதிதாக ஒன்றும் இல்லை என்று அறிந்தே மக்கள் வந்தார்கள். அந்தப் படச்சுருளில் ஹான்தான் முதலில் சுடுகிறான். பின்னர் கின்னஸ், தப்பி ஓடவிருக்கும் இளைஞனை ஒருமுறை திரும்பிப் பார்த்து, மெல்லப் புன்னகைத்து, வாளை நேராக உயர்த்திக் கண்களை மூடுகிறார். வேடரின் வாள் வீசப்படுகிறது. மேலங்கி மட்டும் தரையில் விழுகிறது.