ஒரு மாதத் தொண்டு

கல்லூரிப் படிப்பு முடிந்த கையோடு ஆப்பிரிக்காவுக்குப் போய், தாய் தகப்பன் இல்லாத குழந்தைகளைக் கொஞ்ச காலம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை வசதியான நாடுகளில் வளர்ந்த பல இளைஞர்களுக்கு உண்டு. தென்னாப்பிரிக்கா, மலாவி, ஜாம்பியா போன்ற நாடுகளுக்கு அவர்களை அழைத்துப் போவதற்கென்றே கட்டணம் வாங்கும் நிறுவனங்களும் இருக்கின்றன. போகிறவர்கள் மனசில் கள்ளம் கிடையாது. சொந்தப் பணத்தைச் செலவழித்து, விடுமுறையை விட்டுக்கொடுத்துத்தான் போகிறார்கள். ஆனால் கொடுப்பவரின் மனசை மட்டும் வைத்து ஒரு தொண்டை எடைபோட முடியாது. அதை வாங்கிக்கொள்கிற குழந்தைக்கு என்ன ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒரு காப்பகத்தின் கேட்டைத் திறந்ததும் இரண்டு வயதுக் குழந்தை ஓடி வந்து, முன்பின் பார்த்திராத விருந்தாளியிடம் இரண்டு கையையும் தூக்குகிறது. 'என்ன பாசம் பாருங்கள்' என்று வந்தவர் நெகிழ்ந்துபோகிறார். வீட்டில் வளரும் இரண்டு வயதுக் குழந்தை புதியவரைக் கண்டால் அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளியும். இது ஒளியவில்லை என்றால், ஒளிந்துகொள்ள அதற்கென்று ஒருவர் இல்லை என்று அர்த்தம். வந்தவர் தூக்குகிறார், ஊட்டுகிறார், தூங்க வைக்கிறார். நான்காவது வாரம் கண்ணீரோடு விடைபெறுகிறார். அடுத்த திங்கட்கிழமை இன்னொருவர் வருகிறார். பெரியவர்களுக்கு இது ஒரு பிரிவு. விமானம் ஏறினால் ஆறிவிடும். குழந்தைக்கோ ஏற்கெனவே பட்ட இழப்பு திரும்பத் திரும்ப நடக்கிறது. தென்னாப்பிரிக்க உளவியலாளர் லிண்டா ரிக்டரும் ஏமி நார்மனும் 2010இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதை 'எய்ட்ஸ் அநாதைச் சுற்றுலா' என்றே அழைத்தது. சிறு வயதில் பற்று வைத்தவர்கள் அடுத்தடுத்து விட்டுப்போவது குழந்தையின் வளர்ச்சியையே பாதிக்கும் என்று அவர்கள் எச்சரித்தார்கள்.

'அநாதை' என்று சொல்லப்படும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு யாரோ ஒருவர் இருக்கிறார். தாய், தகப்பன் இருவரில் ஒருவரை இழந்த குழந்தையையும் யூனிசெஃப் அந்தக் கணக்கில்தான் சேர்க்கிறது. 2015ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகில் அப்படிப்பட்ட குழந்தைகள் ஏறத்தாழ 14 கோடி. இருவரையும் இழந்தவர்கள் சுமார் ஒன்றரைக் கோடி. எய்ட்ஸ் ஒரு தலைமுறையையே வாரிக்கொண்டு போன ஆப்பிரிக்காவின் தென்பகுதியில், மிஞ்சிய பிள்ளைகளில் மிகப் பலரை வளர்த்தவர்கள் பாட்டிகள். தன் முதியோர் உதவித்தொகையில் ஐந்து பேரக்குழந்தைகளுக்குச் சோளக்கூழ் காய்ச்சும் பாட்டிக்கு மாதம் ஒரு சிறு தொகை கிடைத்தால் எந்தப் பிள்ளையும் காப்பகத்துக்குப் போக வேண்டியிருக்காது. ஆனால் வெளிநாட்டுப் பணம் பாட்டியின் குடிசையைத் தேடிப் போவதில்லை, பெயர்ப்பலகை மாட்டிய கட்டடத்துக்குப் போகிறது. கட்டடம் நடக்கக் குழந்தைகள் தேவைப்படும்போது குழந்தைகளும் வந்து சேர்கிறார்கள். காப்பகங்களுக்காகக் குழந்தைகளைக் கடத்துவதை நவீன அடிமைத்தனத்தின் ஒரு வடிவமாக ஆஸ்திரேலியா 2018இல் ஏற்றுக்கொண்டது. காப்பகத் தன்னார்வத் தொண்டும் சுற்றுலாவும் குழந்தைக் கடத்தலுக்கு வழி திறக்கக்கூடும் என்று 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையும் தன் தீர்மானத்தில் சொன்னது.

'இவர்களும் போகவில்லை என்றால் அழுகிற குழந்தையை யார் தூக்குவது?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் நகரக் கூடாது. முப்பது குழந்தைக்கு இரண்டு ஆயாக்கள் இருக்கும் இடத்தில் ஒரு கை கூடினாலும் உதவிதான். ஆனால் அந்தக் கை குழந்தையைத் தூக்க வேண்டும் என்பதில்லை. துணி துவைக்கலாம், சமையலறையில் நிற்கலாம், கணக்கு எழுதலாம், ஒழுகும் கூரையைச் சரிசெய்யலாம். அப்போது ஆயாவுக்கு நேரம் மிஞ்சும். குழந்தையை அவரே மடியில் வைத்துக்கொள்வார். இப்படிச் சொன்னால் பலருக்கு ஆர்வம் வடிந்துவிடுகிறது. குழந்தையோடு இருக்க வேண்டும், அதன் அன்பு வேண்டும் என்றுதான் இத்தனை தூரம் வந்தோம் என்கிறார்கள். அந்த ஆசை இயல்பானதுதான். ஆனால் ஏற்கெனவே எல்லாம் இழந்த ஒரு குழந்தை அதற்கு விலை கொடுக்க வேண்டுமானால், அதைத் தொண்டு என்று ஏற்க முடியாது.

மருத்துவத் தொண்டிலும் இதே கதைதான். தன் ஊரில் ஊசி போடக்கூட அனுமதி இல்லாத மாணவர், டாக்டர் இல்லாத கிராமத்து மருத்துவமனையில் தையல் போடுகிறார், பிரசவம் பார்க்கிறார். வேறு வழியில்லாத பெண்ணின் உடம்பில் தொழில் பழகுவதற்கு யாருக்கும் உரிமை இல்லை. சொந்த ஊரில் செய்யக் கூடாததை அங்கேயும் செய்யக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

வெளியிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் கேடு என்று சொல்ல வரவில்லை. தென்னாப்பிரிக்காவின் கிழக்கு கேப் மாகாணத்திலுள்ள லுசிகிசிகி ஏழ்மையான, மருத்துவர்கள் அரிதான பகுதி. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2003இல் அங்கே எச்.ஐ.வி. சிகிச்சையைத் தொடங்கியது. டாக்டருக்காகக் காத்திருக்காமல் செவிலியரே மருந்து தொடங்கினார்கள். மாத்திரையை விடாமல் சாப்பிட ஊர்க்காரர்களே துணை நின்றார்கள். 2006இல் எல்லாவற்றையும் அரசிடம் ஒப்படைத்துவிட்டு அமைப்பு வெளியேறியது. அதற்குள் சுமார் 2,200 பேர் சிகிச்சை தொடங்கியிருந்தார்கள். வந்தவர்கள் வருஷக்கணக்கில் இருந்தார்கள், கற்றுக்கொடுத்தார்கள், தாங்கள் போன பிறகும் வேலை நடக்கும்படி செய்துவிட்டுப் போனார்கள்.

தன்னார்வத் தொண்டு என்றதும் வெளிநாட்டு இளைஞரின் முகம்தான் நினைவுக்கு வருகிறது. உண்மையில் அந்த நாடுகளின் சுகாதாரத்தைத் தாங்கி நிற்பவர்கள் உள்ளூர்ப் பெண்கள். மலாவிக் கிராமத்தில் குழந்தையின் மேற்கையில் மூவண்ண நாடாவைச் சுற்றி ஊட்டம் பார்ப்பதைக் காணலாம். கையின் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கினால் சிவப்பு, உயிருக்கு ஆபத்து. அளப்பதை யாரும் ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். அந்த வீட்டில் நேற்று அடுப்பு எரிந்ததா, தாய் ஏன் மருத்துவமனைக்கு வர மறுக்கிறாள் என்பதெல்லாம் அந்த ஊர்க்காரிக்கு மட்டுமே தெரியும். ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் ஹராரேயின் ம்பாரே பகுதியில் 14 பாட்டிகளைப் பயிற்றுவித்து, மருத்துவமனை வளாகத்து மர பெஞ்சில் உட்கார வைத்தார். மனம் நொந்து வந்தவர்கள் அவர்களிடம் பேசித் தேறினார்கள். அது பலன் தருகிறது என்பதை 2016இல் வெளியான ஆய்வும் உறுதிசெய்தது.

இந்தப் பெண்களுக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? தென்னாப்பிரிக்காவின் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் வேலையிழந்த சமூக சுகாதாரப் பணியாளர்கள் 2014 ஜூலையில் புளூம்ஃபோன்டைனில் சுகாதாரத் துறை அலுவலகத்துக்கு வெளியே இரவு முழுக்க அமைதியாக உட்கார்ந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டார்கள். 94 பேர் குற்றவாளிகள் என்று அடுத்த ஆண்டு தீர்ப்பானது. 2016இல்தான் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களுக்கு மாத்திரை கொடுத்தவர்கள் இவர்கள். சமூக சுகாதாரப் பணியாளருக்கு வேலைக்குத் தக்க ஊதியம் தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. கேப் டவுனில் 2001இல் தொடங்கிய 'மதர்ஸ் டு மதர்ஸ்' அமைப்பு எச்.ஐ.வி.யோடு வாழும் தாய்மார்களுக்குப் பயிற்சி அளித்து, சம்பளம் கொடுத்து, மற்றத் தாய்மார்களுக்குத் துணையாக அனுப்புகிறது. ஏழையின் உழைப்பைத் தொண்டு என்று பாராட்டிவிட்டுக் கூலியை மறுப்பதும் அநீதிதான். வெளிநாட்டு இளைஞரைக் குறை சொல்லும் நாம் இதைக் கண்டுகொள்ளாமல் விடுகிறோம்.

தொண்டு செய்யப் புறப்படுகிறவர்கள் பெட்டி கட்டுவதற்கு முன் விசாரிக்க வேண்டும். அங்கே உங்களைக் கூப்பிட்டது யார்? நீங்கள் செய்யப்போகும் வேலையைச் செய்ய அந்த ஊரில் ஆள் இல்லையா, அல்லது ஆள் இருந்தும் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லையா? பணம்தான் இல்லை என்றால் தயவுசெய்து விமான டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, அந்தப் பணத்தை அந்த ஊர்ப் பெண்ணின் சம்பளத்துக்கு அனுப்புங்கள்.