பெயர் சொல்லாத 28 லட்சம் பேர்

இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் எடுத்த நாட்கள். வட இந்தியக் கிராமங்களில் வாசலில் நின்று, "உங்கள் பெயர் என்னம்மா?" என்று கேட்டால், "இன்னாரின் மனைவி" என்று பதில் வந்தது. இல்லையென்றால், "இன்னாரின் மகள்". அந்நிய ஆணிடம் பெண் தன் பெயரைச் சொல்லக் கூடாது என்பது அங்கே வழக்கம். பீகார், உத்தரப்பிரதேசம், ராஜஸ்தான் போன்ற மாநிலங்களில் பட்டியல் இப்படியே நிரம்பியது.

அன்றைய தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் என்ன செய்தார் தெரியுமா? பெயரைச் சொன்னால்தான் பட்டியலில் இடம் என்றார். பெயர் தராத ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் நீக்கப்பட்டார்கள். 1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரி வரை நடந்த அந்தத் தேர்தலில் அவர்களுக்கு ஓட்டு இல்லை.

கொடுமைதான். ஆனாலும் அவர் செய்தது சரி என்றே நான் சொல்வேன். "இன்னாரின் மனைவி" என்று பதிந்து கொடுத்திருந்தால், அது அந்த இன்னாருக்கே இன்னொரு ஓட்டாகப் போயிருக்கும். பெயர் இல்லாத இடத்தில் ஆள் இல்லை. ஆள் இல்லாத இடத்தில் ஓட்டு எங்கிருந்து வரும்? குற்றவாளி சென் அல்ல. மனைவிக்குப் பெயர் எதற்கு என்று நினைத்த வீடும், அதைக் கற்பு என்று போற்றிய சாத்திரமும்தான்.

இளம் ஜனநாயகத்துக்கு ஆபத்து என்றால் ராணுவத்தையும் சர்வாதிகாரியையும் சொல்கிறோம். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர் வேறொன்றையும் சொன்னார். அரசியலில் பக்தி நுழைந்தால் அது சீரழிவுக்கும் முடிவில் சர்வாதிகாரத்துக்கும் கொண்டுபோய் விடும் என்றார். பக்தி என்பது என்ன? என் புத்தியை இன்னொருவர் காலடியில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவது. கணவன் காலடியில் வைத்தாலும் தலைவன் காலடியில் வைத்தாலும் வித்தியாசம் இல்லை. வீட்டில் குனியப் பழகிய முதுகு ஓட்டுச்சாவடியில் மட்டும் எப்படி நிமிரும்?

அது பழைய கதை, வடக்குக் கதை என்று நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்து ஊராட்சிகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தந்தது. தமிழ்நாடு 2016-இல் அதைப் பாதியாக்கியது. சட்டம் தன் வேலையைச் செய்துவிட்டது. ஆனால் எத்தனை ஊராட்சி அலுவலகங்களில் தலைவரின் நாற்காலியில் அவர் கணவர் உட்கார்ந்திருக்கிறார்! வருகிறவர்கள் அவருக்குத்தான் வணக்கம் சொல்கிறார்கள், மனுவையும் அவரிடமே நீட்டுகிறார்கள். கையெழுத்து வேண்டுமென்றால் நோட்டு வீட்டுக்குப் போகிறது; அடுப்படியில் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு தலைவர் கையெழுத்துப் போடுகிறார். சென் பட்டியலிலிருந்து அடித்த "இன்னாரின் மனைவி"யை நாம் பதவியில் உட்காரவைத்து வேடிக்கை பார்க்கிறோம். இதில் கணவருக்கு மட்டுமா பங்கு? அவருக்கு வணக்கம் சொன்ன ஒவ்வொருவருக்கும் உண்டு.

உங்கள் ஊராட்சித் தலைவர் பெண்ணா? அவர் பெயர் என்ன? கணவர் பெயரைக் கேட்கவில்லை. தெரியாவிட்டால் இன்றைக்கே அவரிடம் போய்க் கேளுங்கள். அடுத்த மனுவை அவர் கையிலேயே கொடுங்கள்.