தீவுக்குப் புறப்படுமுன்

நம் ஜவ்வாது மலையில் சாமை விதைக்கும் ஒருவன், ஏரையும் மாட்டையும் விற்றுக் குடும்பத்தோடு கடல் கடந்து ஒரு தீவில் குடியேறப் புறப்படுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் செய்ய வேண்டிய ஆயத்தம் என்ன? கடனைத் தீர்க்க வேண்டும். வயது சென்ற தாய் தந்தைக்கு வழி செய்ய வேண்டும். விதையும் மருந்தும் கட்ட வேண்டும். இவை தேவைதான். ஆனால் மூட்டையில் கட்ட முடியாத ஆயத்தம் ஒன்றுண்டு.

1969 முதல் பெரிய நிக்கோபார்த் தீவின் கேம்பல் பே பகுதியில் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் 300-க்கு மேல் அரசாங்கத்தால் குடியமர்த்தப்பட்டன. தமிழ்நாட்டினரும் அவர்களில் உண்டு. காட்டை வெட்டித் திருத்தித் தென்னை வைத்துப் பாடுபட்டார்கள். அந்த உழைப்பை யாரும் இகழலாகாது. ஆயினும் அது ஆளில்லாத் தீவன்று. கரையோரம் நிக்கோபாரியரும், உட்காட்டில் சோம்பென் மக்களும் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்து வந்தனர்.

அரசாங்கமே நிலம் கொடுத்தால் குற்றமென்ன என்று கேட்கலாம். சட்டத்தின் முன் குற்றமில்லை. மனச்சாட்சியின் முன் கடனுண்டு. இதை மலைவாசிகளாகிய நமக்கு விளக்க வேண்டுமா? வெளியார் வந்து சந்தனமரம் வெட்டிப்போனபோது, “இங்கே நாங்கள் இருக்கிறோமே” என்று நம் மனம் துடிக்கவில்லையா? நாம் போகுமிடத்திலும் அப்படித் துடிக்கும் மனம் இருக்கும்.

ஆகவே புறப்படுகிறவன் தன் பிள்ளைகளிடம், “நமக்கு நிலம் கிடைத்தது” என்று மட்டும் சொல்ல வேண்டாம். “அங்கே நமக்கு முன்பே ஆட்கள் இருக்கிறார்கள், நாம் விருந்தாளிகள்” என்றும் சொல்லிக் கூட்டிப்போகட்டும்.