அடுப்பு மெழுகுவது யாருக்காக?

தமிழில் விருந்தோம்பலைப் பற்றிப் பேசாத மேடை கிடையாது. திருக்குறளில் 9ஆவது அதிகாரம் அது. எம்.ஏ. தமிழ் படித்தவர்கள் எல்லோரும் அந்தப் பத்துக் குறளுக்கும் பரீட்சையில் விளக்கம் எழுதித்தான் வந்திருக்கிறோம். விருந்தாளி ரொம்ப மென்மையானவன், வீட்டுக்காரன் கொஞ்சம் முகம் சுளித்தாலும் அனிச்சப்பூவைவிட மோசமாக வாடிப்போவான் என்று வள்ளுவர் கவலைப்படுகிறார். நியாயமான கவலை. ஆனால் அதிகாரம் முழுக்க ஒரு விஷயம் கேள்வியே இல்லாமல் ஏற்கப்பட்டிருக்கிறது. வீட்டில் சோறு இருக்கிறது, வாசலுக்கு ஆள் வருகிறார், வந்தவர் சாப்பிடுவார். வந்தவர் சாப்பிடாமல் போனால்? ‘இப்பத்தான் சாப்பிட்டு வந்தேன்’ என்று சொல்லித் தண்ணீர்கூட வாங்காமல் எழுந்தால்? சமைத்து வைத்தவளின் முகம் எந்தப் பூ மாதிரி வாடும்? உரையாசிரியர்கள் யாருக்கும் அந்தச் சந்தேகம் வரவில்லை. அவர்கள் வீட்டுச் சோற்றை யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

இந்த டிசம்பர் மாதத்தில் நம்ம கிறிஸ்தவத் தெருக்களில் சமையல்கட்டுகள் கிறிஸ்துமஸுக்குத் தயாராகிக்கொண்டிருக்கும்போது இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்வது பொருத்தம் என்று நினைக்கிறேன். தலித்துகள் பட்டினி கிடப்பதைப் பற்றிப் பேசியிருக்கிறோம். கூலியைப் பற்றி, நிலத்தைப் பற்றிப் பேசியிருக்கிறோம். நம்முடைய கொடுக்கும் உரிமையைப் பற்றி அதிகம் பேசியதில்லை.

சாதி என்பது கொடுக்கல் வாங்கலில் ஒரு பக்கத்தை மட்டும் நமக்கு ஒதுக்கிய ஏற்பாடு. களத்தில் நெல் அளக்கும்போது வாங்கிக்கொள். கொல்லைப்புறம் வந்து பழைய சோறு வாங்கிக்கொள். அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் கடைசிப் பந்தி முடிந்தபிறகு பாத்திரத்தில் வாங்கிக்கொள். வேண்டாம் என்று சொன்னால் ‘திமிரு’. வாங்குவது நமக்குக் கடமையாகவே இருந்தது. அதே கையால் நாம் ஏதாவது கொடுத்தால் தீட்டு. நாம் விளைவித்த அரிசி அவர்கள் வீட்டுக்குள் போகும். அதே அரிசி நம்ம அடுப்பில் வெந்தால் போகாது. அரிசியும் ஒன்றுதான், கையும் ஒன்றுதான். நடுவில் இருப்பது அடுப்பு. அதனால்தான் சமையல்கட்டைப் பெண்கள் சமாச்சாரம் என்று தள்ளிவிட முடியாது. சாதி உட்கார்ந்திருக்கிற இடங்களில் அது ஒன்று.

எங்கள் பக்கம், விருதுநகர் மாவட்டக் கரிசல் ஊர்களில், கிறிஸ்துமஸுக்கு இருபது நாள் முன்னாலேயே வேலை ஆரம்பித்துவிடும். ஐப்பசி கார்த்திகை மழையில் நனைந்த சீமைக்கருவேல விறகை வெயில் கண்ட நாளில் காயப்போட்டுப் பரணில் ஏற்ற வேண்டும். வருசம் முழுக்கப் புகை குடித்துக் கறுத்த சுவருக்குச் சுண்ணாம்பு. அடுப்புக்குப் புதுசாக மண் பூசி மெழுகுவது. பித்தளைக்குப் புளி, மற்றதுக்குச் சாம்பல். பச்சரிசியை ஊறவைத்து நிழலில் உலர்த்தி இடிப்பது, சலிப்பது, அதிரசத்துக்கு வெல்லப்பாகு பதம் பார்ப்பது. தெருவுக்கே இரண்டு முறுக்கு உழக்குதான் இருக்கும். அது வீடு வீடாகப் போகும். “மதினி, உழக்க முடிச்சுட்டீகளா, மாவு பெசஞ்சு வச்சுக் காத்துக் கெடக்கேன்” என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். இன்றைக்குக் கேஸ் அடுப்பு வந்துவிட்டது, மாவு மில்லில் அரைத்துவிடலாம், மெழுகுகிற வேலை பல வீடுகளில் இல்லை. ஆனால் பதற்றமும் சந்தோசமும் குறையவில்லை. காரணம் இதுதான்: மற்ற நாளெல்லாம் வாங்குகிற வீடாக இருப்பது அன்றைக்கு ஒரு நாள் கொடுக்கிற வீடாக மாறுகிறது. காட்டு வேலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போய்வந்து, ராத்திரி பதினோரு மணிக்கு எண்ணெய்ச் சட்டி முன்னால் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு இந்தத் தத்துவம் தெரியாமல் இல்லை. “நாலு வீட்டுக்குக் குடுக்கணும்ல” என்பாள். அவளுடைய அறம் அந்த ஒரு வரிதான்.

அந்த நாலு வீடு எது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

நம்ம தெருவுக்குள் கொடுப்பதில் கஷ்டம் ஒன்றும் கிடையாது. ஊருக்குள் கொடுப்பதுதான். எங்கம்மா வேலைக்குப் போய்வந்த ஒரு வீட்டுக்கு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தட்டில் அதிரசமும் முறுக்கும் வைத்து வெள்ளைத் துணி மூடி எடுத்துப் போவார். சிரித்த முகமாக வாங்கிக்கொள்வார்கள். ஒரு வருசம் மறுநாள் தொழுவத்தில் சாணி அள்ளப் போனபோது, தவிட்டுத் தண்ணீரில் அதிரசம் மிதந்தது. அம்மா வந்து சொன்னது இவ்வளவுதான்: “மாடு திங்கிறதுக்காடி பாகு பதம் பாத்தேன்?” அடுத்த வருசம் தட்டு போகவில்லை. ‘ஏன் வரல’ என்று அவர்களும் கேட்கவில்லை.

சிலர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். பேக்கரியில் கேக் வாங்கி அட்டைப்பெட்டியோடு கொடுத்துவிடுவது. அதை எல்லோரும் சாப்பிடுகிறார்கள். வாழைப்பழம் சரி, பாக்கெட் பிஸ்கட் சரி, மூடி திறக்காத கலர் பாட்டில் சரி. பேக்கரியில் மாவு பிசைந்தவன் என்ன சாதி என்று எவனும் கேட்பதில்லை. அந்தக் கை கண்ணுக்குத் தெரியாது. நம்ம பணம் அவர்களுக்குத் தீட்டில்லை, நம்ம கைதான் தீட்டு. அப்படியானால் அட்டைப்பெட்டி கொடுக்கும்போது நாம் எதைக் கொடுக்கிறோம்? நம்ம கையை நாமே மறைத்துக்கொண்டு கொடுக்கிறோம். நாகரிகம் வளர்ந்துவிட்டது என்று சிலர் இதற்குப் பெயர் சொல்லலாம். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

இன்னொரு மறைப்பும் இருக்கிறது. கிறிஸ்துமஸ் அன்று ஸ்கூல் டீச்சர் வருவார், ஆபீஸ்காரர் வருவார், சில ஊர்களில் ஐயரே வேறு சாதிக்காரராக இருப்பார். அதனால் மாட்டுக்கறி சமைத்த சட்டி பின்கட்டுக்கோ பரணுக்கோ போய்விடும். கோழிக்குழம்பு முன்னுக்கு வரும். வருசம் முழுக்க நம்ம பிள்ளைகளுக்குத் தெம்பு கொடுத்த கறி, பண்டிகையன்று ஒளிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அகநானூற்றில் மாட்டிறைச்சி தின்ற மழவர் வருகிறார்கள், அதை வகுப்பில் பாடமாக நடத்துகிறார்கள். நம்ம சட்டியில் இருந்தால் மட்டும் கேவலம். இது தனிமனிதக் கூச்சம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவித்தது. அதில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியது, மழையைக் காரணம் காட்டித் திருவிழாவையே தள்ளிவைத்தார்கள். அரசாங்கமே சட்டியை ஒளிக்கச் சொல்லும்போது வீட்டில் ஒருத்தி ஒளிப்பதற்கு அவளை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனால் ‘சமையல்கட்டைத் தயார் பண்ணுவது’ என்பதில் பாதி, ‘மறைக்க வேண்டியதை மறைப்பது’ என்று ஆகிவிட்டதை நாம் கவனிக்க வேண்டும்.

சபைகளின் வரலாற்றைப் பார்த்தால் அங்கேயும் அடுப்புதான் நிற்கிறது. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய சேசு சபைச் சாமியார் ராபர்ட் தெ நோபிலி, மேல்சாதியாரைச் சேர்ப்பதற்காகக் காவி உடுத்தினார், கறி மீனை விட்டார், பார்ப்பனச் சமையல்காரரை அமர்த்திக்கொண்டார். அவருடைய தமிழ்த் தொண்டைப் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறோம். சுவிசேஷம் சாதித் தமிழ்நாட்டுக்குள் மரியாதையோடு நுழைவதற்கு முதலில் சமையல்காரரை மாற்ற வேண்டியிருந்தது என்பதைப் பாடத்தில் அழுத்திச் சொல்வதில்லை.

புராட்டஸ்டண்ட் மிஷனரிகள் வேறு திசையில் போனார்கள். 1840களின் கடைசியில் மதுரை அமெரிக்க மிஷன் சாதி விஷயத்தில் கண்டிப்புக் காட்டியது. எல்லோரும் சேர்ந்து உண்ணும் அன்பின் விருந்து வைத்தார்கள். அதற்கு உடன்படாமல் உபதேசியார்கள் பலர் வேலையையே விட்டுப் போனார்கள். 1850இல் சென்னையில் மிஷனரிகள் கூடி ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒருவர் சாதியை விட்டுவிட்டார் என்பதற்கு அடையாளம், பறையர் சமைத்த உணவை அவர் சாப்பிடுவதுதான் என்றார்கள். ஒரே பெஞ்சில் உட்காருவது அவர்களுக்குப் போதவில்லை. யார் கையால் வெந்தது என்பதில் போய் நின்றார்கள். நோயை அவர்கள் சரியாகத்தான் கண்டுபிடித்தார்கள். அதை மறுக்க முடியாது.

ஆனால் அந்த விருந்தைச் சமைத்த ஆளை நினைத்துப் பாருங்கள். அவர் கைச்சோறு எதிரே இருக்கிறவனுக்குப் பரீட்சைத் தாளாகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு கவளம் விழுங்கினால் பாஸ். ருசி எப்படி, உப்பு போதுமா, இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்கிற இடத்தில் சமைத்தவர் இல்லை. சாப்பிட்டவன் தியாகி ஆகிறான். சமைத்தவர் அந்தத் தியாகத்துக்கு ஒரு கருவி. கொடுத்தவர் நாம், பெயர் வாங்கியவர் அவர். மறுபடியும் நாம் ‘சம்மதம்’ என்கிற பிச்சையை வாங்குகிற பக்கத்துக்கே வந்துவிடுகிறோம்.

இது பழங்கதை என்று சொல்ல முடியாது. 2018 ஜூலையில் அவிநாசி பக்கம் ஓர் அரசுப் பள்ளிக்குச் சத்துணவு சமைக்க வந்த தலித் பெண்ணைச் சாதி இந்துக்கள் சமைக்கக் கூடாது என்று தடுத்தார்கள். 2023 செப்டம்பரில் எட்டயபுரம் பக்கத்தில் உசிலம்பட்டிப் பள்ளியில் காலை உணவு சமைத்தவர் தலித் பெண் என்பதால் பிள்ளைகளைச் சாப்பிடவிடவில்லை. எம்.பி. கனிமொழியும் அமைச்சர் கீதா ஜீவனும் நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். போனது சரி. போகாமல் இருந்திருந்தால் தவறு. ஆனால் சமைக்கிறவர் தன் வேலையைச் செய்துவிட்டு வீட்டுக்குப் போவதற்கு ஒவ்வொரு ஊரிலும் மந்திரி வந்து ருசி பார்க்க வேண்டும் என்றால், அதற்குப் பெயர் சமத்துவமா? பசித்த பிள்ளை பசிக்குச் சாப்பிட்டு, “அக்கா, இன்னும் கொஞ்சம்” என்று தட்டை நீட்டும் நாள்தான் நமக்கு வேண்டிய நாள்.

சேர்ந்து சாப்பிட்டால் சாதி போய்விடாது என்று 1936இலேயே ‘சாதி ஒழிப்பு’ நூலில் அம்பேத்கர் எழுதிவிட்டார். கலப்புமணம்தான் மருந்து என்றார். அது உண்மை. சேர்ந்து பிரியாணி தின்றுவிட்டு, பெண்ணைக் காதலித்தவனை வெட்டுகிறவர்களையும் நாம் பார்க்கிறோம். ஆகவே அவர்கள் நம்ம அதிரசத்தைத் தின்றால் விடுதலை, தின்னாவிட்டால் அவமானம் என்று அளந்துகொண்டிருக்கத் தேவையில்லை. அவர்கள் தின்னாதது அவர்களுடைய ஒழுக்கக்கேடு. அதற்கு நம்ம அடுப்பு வெட்கப்பட வேண்டாம்.

இதைச் சொல்லிவிட்டு இங்கேயே நிறுத்தினால் நேர்மை ஆகாது. நம்ம தட்டு மேலே போய்த் திரும்பி வருவதைப் பற்றி இவ்வளவு பேசுகிறோமே, கீழே இருந்து ஒரு தட்டு நம்ம வீட்டுக்கு வந்தால்? பள்ளரும் பறையரும் கிறிஸ்தவர்களாக இருக்கிற தெருக்களில், பக்கத்திலேயே இருக்கும் அருந்ததியர் வீட்டுப் பலகாரத்தை எத்தனை வீடு வாயில் வைக்கிறது? புதிரை வண்ணார் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவர் எத்தனை பேர்? அங்கேயும் நமக்கு ‘இப்பத்தான் சாப்பிட்டு வந்தோம்’தான். கொடுக்கும் உரிமை நமக்கு வேண்டும் என்றால் அது நமக்கு மட்டும் ஆன உரிமையாக இருக்க முடியாது. மேலே கேட்பதைக் கீழே மறுக்கிறவனுக்கு நியாயம் பேச வாய் கிடையாது. ஆசை உண்டு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இயேசுவைப் பாருங்கள். சுவிசேஷங்களில் அவர் விருந்து வைத்ததைவிட விருந்து சாப்பிட்டதுதான் அதிகம். ஊரே வெறுத்த சகேயுவிடம் ‘உன் வீட்டில் தங்குவேன்’ என்று தானாகவே சொல்லிப் போகிறார். சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்கிறார். அவர்களுக்குக் கொடுக்கிறவர்கள் என்ற இடத்தைத் தருகிறார். அவருக்குச் சொந்தமாக அடுப்பு இருந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் உயிர்த்தெழுந்த பிறகு கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீன் சுட்டு, ராவெல்லாம் வலை இழுத்துக் களைத்து வந்தவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். நம்ம ஆண்கள் கிறிஸ்துமஸ் அன்று அந்தப் பக்கத்தை மட்டும் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள். நாலு வீட்டுக்குக் கொடுக்கிறவள் கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிடுகிறாள். கொடுக்கும் உரிமை என்று நான் சொல்வது அவளை அடுப்படியிலேயே உட்காரவைக்கும் உரிமை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆக, இந்த வருசம் சமையல்கட்டைத் தயார் பண்ணுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சுண்ணாம்பு அடியுங்கள், ஆனால் ஊர்க்காரர் வந்து பார்ப்பதற்காக வேண்டாம். நாம் புழங்குகிற இடம் வெளிச்சமாக இருக்கட்டும். கறிச்சட்டியைப் பரணில் ஏற்றாதீர்கள். யார் வந்தாலும் இன்றைக்கு இதுதான் சமைத்தோம் என்று சொல்லுங்கள். சாப்பிடுகிறவர் சாப்பிடட்டும். சமைக்கத் தெரிந்த ஆம்பளைகள் சமைக்கட்டும், தெரியாதவர்கள் விறகு பிளந்து பாத்திரம் விளக்கட்டும். அட்டைப்பெட்டி வாங்குகிற காசுக்கு இன்னும் இரண்டு படி அரிசி ஊறவையுங்கள். தட்டை முதலில் அருந்ததியர் தெருவுக்கு எடுத்துப் போங்கள். அங்கே உட்காரச் சொன்னால் உட்காருங்கள். அவர்கள் போட்டதைச் சாப்பிடுங்கள். நன்றாயிருந்தால் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்.