பயத்தின் சிறகும் பார்ப்பவன் ரசனையும்

பறவைக் கோலா பறப்பதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தண்ணீருக்குள் வேகம் கூட்டிக்கொண்டு மேற்பரப்பைக் கிழித்து வெளிவருகிறது. வால் துடுப்பின் நீண்ட கீழ்மடலை மட்டும் நீரில் வைத்து, விநாடிக்கு 50 தடவைக்கு மேல் அடித்து உந்துகிறது. பிறகு மார்புத் துடுப்புகளை விரித்துக் காற்றில் வழுக்கிக்கொண்டு போகிறது. துடுப்புகள் சிறகைப்போல் அடித்துக்கொள்வதில்லை; விரித்தது விரித்தபடி நிற்கின்றன. ஒரு வீச்சில் 50 மீட்டர் போகலாம். காற்று சாதகமாயிருந்தால் அதைப்போலப் பல மடங்கு. விழும் தறுவாயில் வாலை மறுபடி நீரில் அடித்து எழுவதும் உண்டு. 2008இல் ஜப்பானின் யாகுஷிமா தீவருகே ஒரு கோலா 45 விநாடிகள் இப்படித் தாக்குப்பிடித்ததைப் படம் பிடித்திருக்கிறார்கள்.

இத்தனை உழைப்பும் துரத்தப்படுவதால்தான். பின்னால் சூரை வருகிறது. கோலா கடலின் கூரையைப் பிய்த்துக்கொண்டு ஓடுகிறது. காற்றிலும் அதற்குப் புகலிடம் இல்லை. அங்கே கடற்பறவைகள் காத்திருக்கின்றன. இரண்டு வாய்களுக்கு நடுவிலுள்ள சில விநாடிகளைத்தான் கப்பல் தளத்தில் நிற்கிறவன் வெள்ளி மின்னலாகக் காண்கிறான். அழகு என்கிறான். கவிஞனாக இருந்துவிட்டால் விடுதலை என்கிறான்.

பார்ப்பவன் தன் சௌகரியத்துக்குப் பெயர் வைப்பது புதிதல்ல. இந்த மீனின் அறிவியல் பெயருக்கு மூலமான கிரேக்கச் சொல்லுக்கு 'வெளியே படுத்துறங்குவது' என்று அர்த்தம். கரையேறி உறங்குவதாகப் பழங்காலத்தவர் நம்பிய ஒரு மீனின் பெயர் பின்னால் கோலாவுக்கு வந்து சேர்ந்தது. உயிர்தப்பும் ஓட்டத்துக்கு உறக்கம் என்று பெயர்.

டார்வின் 1859இல் வெளிவந்த தமது 'உயிரினங்களின் தோற்றம்' நூலில் பறக்கும் மீனைக் குறிப்பிடுகிறார். இம்மாதிரி மீன்கள் மேலும் மாறி, முழுமையான சிறகு பெற்ற பிராணிகளாகிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சிறகு ஆதியில் பிற மீன்களுக்கு இரையாகாமல் தப்பிக்க மட்டுமே பயன்பட்டது என்று யாரால் கற்பனை செய்ய முடியும் என்பது அவருடைய கேள்வி. உயிரியல் தளத்தில்தான் அவர் கேட்டார். அதற்குள் ஓர் அறக் கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. பறத்தல் பயத்திலிருந்து பிறந்ததென்றால், பறத்தலை ரசிக்கிறவன் பயத்துக்கு நன்றி சொல்ல வேண்டுமா?

இதற்குச் சுலபமான பதில்கள் இரண்டு உண்டு. பயத்தில் பிறந்தது, ஆகவே அதில் அழகு ஒன்றுமில்லை என்பது ஒன்று. இது காரணத்தைச் சொல்லிவிட்டதாலேயே காரியத்தைத் தீர்த்துவிட்டதாக நினைக்கிறது. அந்த வாலின் துல்லியமும் துடுப்பின் விரிவும் பொய்யல்ல. மற்ற பதில், இவ்வளவு அழகைப் பிறப்பித்ததால் பயமும் நல்லதே என்பது. இதுதான் ஆபத்தானது.

வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு இந்த இரண்டாவது பதில் நன்றாகப் பழக்கம். கெடு தேதியில் தவணையைக் கட்டிவிடுகிறவரை நாணயஸ்தர் என்று பாராட்டுகிறோம். யார் கை வளையல் எந்த அடகுக்கடைக்குப் போயிற்று என்பது பேரேட்டில் ஏறுவதில்லை. பாராட்டு பொய்யல்ல, அவர் நாணயமானவர்தான். ஆனால் அவருக்குப் போடும் மாலை கெடு தேதியின் கழுத்திலும் விழுந்துவிடுகிறது. பட்டினி கிடந்ததால்தான் இந்த எழுத்து வந்தது என்று, சாப்பிட்டு முடித்த விமர்சகன் எழுதும்போதும் இதேதான் நடக்கிறது. பட்டினி எழுதவில்லை. பட்டினியையும் மீறி ஒருவன் எழுதினான். திறமை கோலாவுடையது, துரத்தல் சூரையுடையது. இரண்டையும் ஒரே கணக்கில் வரவு வைப்பதைத்தான் ஆட்சேபிக்கிறேன்.

கப்பல் தளத்து ரசிகனிடமிருந்து வேறுபட்ட ஒரு பார்வை நம் சோழமண்டலக் கரை மீனவர்களிடம் உண்டு. கோலாப் பருவத்தில் கரையைவிட்டு வெகுதூரம் போய், இலைதழைகளைக் கட்டி மிதக்கவிடுவது அவர்களுடைய பழைய முறை. சென்னை மாகாண மீன்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920களில் இதை விவரித்து எழுதியிருக்கிறார். கோலாவின் முட்டைகளில் நூலிழைகள் உண்டு. அவை மிதக்கும் எதையாவது பற்றிக்கொள்ள வேண்டும். அதற்காகக் கோலா கூட்டம் கூட்டமாகத் தழையைத் தேடித் தானே வருகிறது. வலையும் அங்கேதான் இருக்கிறது.

துரத்தலில் பறந்து தப்பிய மீன் தேடலில் பிடிபடுகிறது. தழையருகே அது பறப்பதில்லை. ஆனால் கோலா தன் சொந்த நாட்டத்தில் செய்வது என்று ஒன்றிருந்தால் அது இதுதான். ரசிகன் கண்ணில் படாததும் இதுதான். மீனவனை நான் புனிதனாக்கவில்லை. அவன் பிடிக்கிறான், விற்கிறான், தின்கிறான். ஆயினும் இந்த மீன் எதற்கு அஞ்சி ஓடுகிறது, எதை நாடி வருகிறது என்ற இரண்டும் அவனுக்குத் தெரியும். கொல்பவனுக்கு இருக்கிற இந்த அறிவு ரசிப்பவனுக்கு இல்லாமலிருப்பது என்னைச் சங்கடப்படுத்துகிறது.

ரசனை குற்றமில்லை. ஆனால் ஒரு ஜீவன் துடிப்பதை அழகு என்று சொல்லுமுன், அது ஓடிக்கொண்டிருக்கிறதா, தேடிக்கொண்டிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளும் கடமை ரசிகனுக்கு உண்டு.